தொட்டி முழுக்கத் துருநிறப் புழு: மருந்து ஊற்றும் முன் செய்ய வேண்டியவை

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 200 லிட்டர் உப்புநீர்த் தொட்டி, கீழே ஒரு சின்ன சம்ப், அதாவது வடிகட்டும் கருவிகள் இருக்கும் துணைத் தொட்டி. ஒன்றரை வருடமாக நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு க்ளீனர் இறால், பவளங்களில் கொஞ்சம் மஷ்ரூம், ஜோவாந்திட், ஒரு ஹாமர். போன வாரம்வரை கண்ணில் படாத துருநிறத் தட்டைப்புழுக்கள் இப்போது மணல், பாறை, கண்ணாடி எல்லா இடத்திலும் இருக்கின்றன. தட்டைப்புழு மருந்து வாங்கி வைத்துவிட்டீர்கள். இன்றிரவே ஊற்றிவிடலாமா, மாண்டரின் மீன் விட்டால் தின்று தீர்த்துவிடுமா, இல்லை பாறையை எல்லாம் வெளியே எடுத்துக் கொதிக்க வைத்துத் தொட்டியைப் புதிதாகத் தொடங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இன்றிரவு ஊற்ற வேண்டாம். இதை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

இந்தப் புழு உயிரோடு இருக்கும்வரை உங்கள் மீன்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை. அது சாகும்போதுதான் ஆபத்து. அதன் உடல் சாறு மீன்களுக்கு நஞ்சு. ஒன்றிரண்டு செத்தால் எதுவும் தெரியாது. ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் செத்தால் அத்தனை நஞ்சும் ஒன்றாகத் தண்ணீரில் கலக்கும். மருந்து ஊற்றிய அன்றே மீன்கள் செத்துவிட்டன என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் நடந்தது இதுதான். பழி மருந்தின் மேல் விழுகிறது, கொன்றது புழுக்களின் பிணங்கள். அதனால் வேலையின் வரிசை முக்கியம். முதலில் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், அப்புறம்தான் மருந்து. இடையில் ஒரு வாரம் போனாலும் தொட்டிக்கு ஒன்றும் ஆகாது.

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அது உண்மையிலேயே அந்தப் புழுதானா என்று பாருங்கள். துருநிறத்தில் மணலை மூடுவது எல்லாம் புழு அல்ல. டயாட்டம், சயனோபாக்டீரியா, டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்ப் படலங்கள் மூன்றும் தூரத்தில் இருந்து பார்க்க ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும், அவற்றுக்கு வைத்தியம் முற்றிலும் வேறு. பம்ப் எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தோ, போன் கேமராவில் நெருக்கிப் பிடித்தோ பாருங்கள். சில மில்லிமீட்டர் நீளம். முன்பக்கம் மழுங்கலாக வட்டமாக இருக்கும். பின்பக்கம் மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும், நடுமடல் கொஞ்சம் நீண்டு வால் மாதிரித் தெரியும். மெதுவாக, வழுக்கிக்கொண்டே நகரும். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தால் வால் ஓரத்தில் குட்டி முளைத்திருப்பதுகூடக் கிடைக்கும். அந்தக் குட்டியின் தலை தாயின் தலைக்கு எதிர்த்திசையில் இருக்கும். தாய் ஒரு பக்கம் போக, குட்டி மறுபக்கம் இழுத்துக்கொண்டு, கடைசியில் பிய்ந்து தனியாகும்.

இவ்வளவும் பொருந்தினால் அது கான்வொலுட்ரிலோபா இனம்தான். வளர்ப்பவர்கள் ரெட் பிளனேரியா என்று சொல்வது இதைத்தான், அதில் பரவலாகக் காணப்படுவது கான்வொலுட்ரிலோபா ரெட்ரோஜெம்மா. உயிரியல்படி இது உண்மையான தட்டைப்புழுக் குடும்பத்திலேயே சேராது, ஏசீல் என்னும் தனிக்கூட்டம். ஆனால் கடைகளில் தட்டைப்புழு மருந்து என்று விற்பது இதற்கு வேலை செய்வதால், அந்தப் பெயர்க் குழப்பம் உங்களைத் தடுக்க வேண்டியதில்லை.

புழுக்கள் பவளத்தின் சதைமேலேயே நகராமல் புள்ளிப் புள்ளியாக உட்கார்ந்திருந்தால், அது வாமினோவா என்ற இன்னோர் ஏசீலாக இருக்கலாம். அதற்கும் கிட்டத்தட்ட இதே வழிதான். கண்ணாடியில் ஊர்வது நிறமே இல்லாமல் கண்ணாடிபோல இருந்தால், அது பெரும்பாலும் தொட்டியில் உள்ள கோபிபாட் போன்ற நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும் வேறு வகை. அதற்காக மருந்துவரை போகத் தேவையில்லை.

ஒரே வாரத்தில் எப்படி இவ்வளவு என்று நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஒரு வாரத்தில் வரவில்லை. கணக்குக்காக, ஒரே ஒரு புழு வந்து, வாரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது வாரம் 32. மில்லிமீட்டர் அளவில் 32 புள்ளிகள், பாறை நிறைந்த 200 லிட்டர் தொட்டியில் யார் கண்ணிலும் படாது. ஒன்பதாவது வாரம் 512. பத்தாவது வாரம் 1024. கடைசி ஒரே வாரத்தில் 512 புழு கூடுகிறது, அதற்கு முன் ஒன்பது வாரமும் சேர்ந்து கூடியதற்கு ஏறத்தாழச் சமமாக. வட்டிக்கு வட்டி ஏறும் கடன் இப்படித்தான் திடீரென்று கண்ணுக்குத் தெரியும். அதனால் போன வாரம் என்ன தப்பு நடந்தது என்று தேடாதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு முன் தொட்டிக்குள் என்ன வந்தது என்று யோசியுங்கள். ஒரு புது ஃப்ராக் (வெட்டி விற்கும் பவளத் துண்டு), நண்பர் கொடுத்த ஒரு பிடி கீட்டோ பாசி, வேறு தொட்டியில் இருந்து வந்த ஒரு பாறைத் துண்டு, இப்படி ஏதாவது இருக்கும்.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. உறிஞ்சி எடுத்து 100-க்கு 90 புழுவை வெளியேற்றினாலும், மிச்சமுள்ள 10 மூன்று வாரம் கொஞ்சம் தாண்டியதுமே பழைய எண்ணிக்கைக்கு வந்துவிடும். உறிஞ்சுவது மட்டும் ஒரு வைத்தியம் ஆகாது. மருந்தைப் பாதுகாப்பாக ஊற்றுவதற்கு அது தயாரிப்பு, அவ்வளவுதான். பலர் இரண்டு முறை உறிஞ்சிவிட்டு, தொட்டி சுத்தமாகத் தெரிகிறதே என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் மறுபடி அதே நிலை வந்து, மனமும் சோர்ந்துபோகிறது.

சரி, உறிஞ்சும் வேலைக்கு வருவோம். இந்தப் புழு தன் உடலுக்குள் பாசியை வைத்து வளர்க்கிறது. அந்தப் பாசிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால், விளக்கு நன்றாக எரியும் நேரத்தில், நீரோட்டம் குறைவாக இருக்கும் இடங்களில் கூட்டமாக வந்து உட்காரும். உங்களுக்கு வசதியான நேரம் அதுதான். இரவில் தேடினால் பாதிகூடக் கிடைக்காது. ஏர் பம்புக்குப் போடும் மெல்லிய ட்யூப் போதும். நுனியில் ஒரு கெட்டியான குழாய்த் துண்டைச் செருகிக்கொண்டால் பாறை இடுக்குக்குள்ளும் குறி வைத்து உறிஞ்சலாம். தடித்த ட்யூப் போட்டால் புழுவைவிடத் தண்ணீர்தான் அதிகம் போகும். பம்புகளை நிறுத்துங்கள். மேலிருந்து கீழாக வாருங்கள், ஏனென்றால் தொட்டதும் சில புழுக்கள் பிடிவிட்டு மிதந்து கீழே விழும்.

ஒரு முறைக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தொட்டியில் பத்தில் ஒரு பங்கு. உறிஞ்சிய தண்ணீரை ஃபில்டர் சாக் என்ற துணிப்பை வழியாக வடிகட்டி மறுபடி தொட்டிக்கே விடலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். உறிஞ்சிய வாளியைக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள், அடிபட்ட புழுக்களில் இருந்து தண்ணீருக்குள் துருச்சிவப்புச் சாயம் கலங்கலாக இறங்கியிருக்கும். அந்தத் துணிப்பைக்குள் நசுங்கும் புழுவுக்கும் அதுதான் கதி, அந்தச் சாறு நேராக சம்புக்குள் போகும். வாளித் தண்ணீரை அப்படியே வெளியே கொட்டிவிட்டு, கலந்து வைத்த புதுத் தண்ணீரை ஊற்றுங்கள். தண்ணீர் மாற்றியதாகவும் ஆகும்.

ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று நான்கு முறை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் இருப்பதில் 100-க்கு 60 போனால்கூட மூன்று தடவையில் மிச்சம் ஏறத்தாழ 6-தான். கண்ணில் பளிச்சென்று பட்ட கூட்டங்கள் எல்லாம் மறைந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தேடினால்தான் தெரியும் என்ற நிலை வரும்வரை செய்யுங்கள். அந்த நிலைக்குப் பிறகு மருந்துக்குப் போகலாம். இந்த நாட்களில் மீன் உணவைக் கொஞ்சம் குறையுங்கள். பவர்ஹெட்டை (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்ப்) திருப்பி, புழு கூடியிருந்த மந்தமான மூலைகளுக்கு ஓட்டம் போகச் செய்யுங்கள். நீரோட்டம் கூடினால் அவற்றுக்கு உட்கார இடம் குறையும்.

மருந்துக்கு முன்னால் ஒரு சின்னப் பரிசோதனை செய்தால் நிறைய நிம்மதி கிடைக்கும். ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீர் எடுத்து, நாலைந்து புழுவைப் போட்டு, மருந்தின் அளவுக் குறிப்பை டம்ளரின் அளவுக்குக் குறைத்து ஒரு துளியோ அரைத் துளியோ விடுங்கள். வாங்கிய மருந்து நல்லதாக இருந்து, புழுவும் நாம் நினைத்த புழுவாக இருந்தால், சில நிமிடங்களில் அவை சுருண்டு பிடிவிடும். அரை மணி நேரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மருந்து பழசாக இருக்கலாம், புழு வேறாகவும் இருக்கலாம். எதுவானாலும் தொட்டிக்குள் ஊற்றுவதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்து உண்மையான நீரளவு. தொட்டி 200 லிட்டர் என்று கடையில் சொன்ன கணக்கில் மருந்து ஊற்றக் கூடாது. உதாரணத்துக்கு நீளம் 90 செ.மீ., அகலம் 45, தண்ணீர் நிற்கும் உயரம் 45 என்றால், மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 182 லிட்டர். பாறையும் மணலும் அடைத்துக்கொண்ட இடத்தைக் கழியுங்கள், சம்பில் நிற்கும் தண்ணீரைக் கூட்டுங்கள். குறைவாக ஊற்றினால் பலவீனமான புழுக்கள் மட்டும் செத்து மற்றவை தப்பிவிடும், நஞ்சு மட்டும் இறங்கியிருக்கும். அதிகமாக ஊற்றுவதும் வேண்டாம். அளவுக் குறிப்பு என்ன சொல்கிறதோ அதைச் சரியான லிட்டருக்குக் கணக்குப் போட்டு ஊற்றுவதுதான் முறை.

மருந்து நாளுக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். வேலையை முடித்துவிட்டு வந்து இரவு பத்து மணிக்குத் தொடங்கும் காரியம் இல்லை இது. முந்தின நாளே 100 லிட்டர் உப்புத்தண்ணீர் கலந்து, ஹீட்டரும் ஒரு சின்னப் பம்பும் போட்டு, ஓடவிட்டு வையுங்கள். வெப்பம் தொட்டியில் உள்ளதே இருக்க வேண்டும், உப்பளவும் அதே, பொதுவாக 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது ஒப்படர்த்தி 1.026. ஆக்டிவேட்டட் கார்பன் புதிதாக வாங்கி, கழுவி, வலைப்பையில் கட்டி, வழக்கமாகப் போடுவதைப்போல இரண்டு மடங்கு கையில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே உள்ளே போடக் கூடாது, போட்டால் மருந்தை உறிஞ்சிவிடும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் பழைய கார்பனையும் எடுத்துவிடுங்கள். யூவி விளக்கு, ஓசோன் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஸ்கிம்மரை (நுரையாக்கி அழுக்கைப் பிரிக்கும் கருவி) நிறுத்தச் சொல்லிக் குறிப்பு சொன்னால் நிறுத்துங்கள், ஆனால் அப்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதை மறக்காமல் ஏர் ஸ்டோன் ஒன்றை ஓடவிடுங்கள்.

அப்புறம், ஒரு பெரிய வாளியில் புது உப்புத்தண்ணீர், அதில் ஹீட்டர், ஏர் ஸ்டோன், பக்கத்தில் வலை. இது மீன்களுக்கான அவசர இடம். தேவைப்படாமலே போகலாம். ஆனால் தேவைப்படும்போது தயார் செய்யத் தொடங்கினால் நேரம் இருக்காது.

விளக்கு எரிந்து, புழுக்கள் வெளியே வந்த பிறகு, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் மருந்தை மெதுவாக ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் தெரியும். புழுக்கள் ஓரம் சுருண்டு, பிடிவிட்டு, துருநிறத் தூசிபோல நீரோட்டத்தில் மிதக்கும். இந்தக் கட்டத்தில் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மிதப்பதை எல்லாம் உறிஞ்சி வெளியே எடுங்கள். பாறை இடுக்குகளில் பெரிய பைப்பெட்டால் தண்ணீரைப் பீச்சி, மறைந்திருப்பதைக் கிளப்புங்கள். தண்ணீருக்குள் கரைய விடாமல் வெளியே எடுக்கும் ஒவ்வொரு புழுவும் உங்கள் மீன்களுக்கு நீங்கள் செய்யும் உதவி. நினைத்ததைவிடப் பத்து மடங்கு புழு பாறைக்குள் இருந்து வெளியே வருவதைப் பார்த்துப் பலர் அதிர்ந்துபோவார்கள். அது சகஜம். உறிஞ்சாமல் நேராக ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது உங்களுக்கே புரியும்.

குறிப்பில் சொன்ன நேரம் முடிந்ததும் கார்பனைப் போடுங்கள், ஸ்கிம்மரை ஓட்டுங்கள், தண்ணீரை மாற்றுங்கள். கலந்து வைத்த 100 லிட்டரையும் ஒரே தடவையில் மாற்றச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாதித் தண்ணீரை ஒரே முறை மாற்றினால் நஞ்சு பாதியாகும். கால் பங்கு கால் பங்காக இரண்டு முறை மாற்றினால் 100-க்கு 56 மிச்சம் இருக்கும். மீதியைக் கார்பன்தான் பிடிக்க வேண்டும், அதனால் அதை மறுநாளோ அதற்கு மறுநாளோ புதிதாக மாற்றிவிடுங்கள்.

நடுவில் மீன்களையே பார்த்துக்கொண்டிருங்கள். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது, செவுள் வேகமாக அடிப்பது, ஒரு பக்கமாகச் சாய்வது, இதில் எது தெரிந்தாலும் குறிப்பில் உள்ள நேரம் முடியக் காத்திருக்க வேண்டாம். மீன்களை வாளிக்கு மாற்றுங்கள், கார்பனைப் போடுங்கள், தண்ணீர் மாற்றத்தைத் தொடங்குங்கள். மருந்தை இன்னொரு நாள் ஊற்றிக்கொள்ளலாம். க்ளீனர் இறால் பொதுவாக இந்த மருந்தைத் தாங்கிவிடும். ஆனால் பாறையில் விசிறிப் புழுக்கள் இருந்தால் அவையும் புழுக்கள்தானே, பாதிக்கப்படலாம். பிரிஸ்டில் புழுக்கள் சில செத்து வெளியே கிடக்கும். ஹாமர் இரண்டு நாள் சுருங்கியே இருந்தால் பயப்படாதீர்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அமோனியா பார்த்துவிடுங்கள், பாறைக்குள் செத்தவை அழுகும்.

ஒரு வாரம் கழித்து இதே நடைமுறையை மறுபடி செய்யுங்கள், ஒரு புழுகூடக் கண்ணில் படவில்லை என்றாலும். பாறையின் உள்பக்கத்திலும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள்ளும் சம்பின் மூலையிலும் ஓரிரண்டு தப்பியிருக்கும். ஒன்று போதும், மேலே போட்ட கணக்கை முதலில் இருந்து தொடங்க. இரண்டாம் முறை சாகும் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும் என்பதால் பதற்றமும் குறையும், ஆனால் கார்பனும் தண்ணீரும் தயாராக இல்லாமல் அப்போதும் ஊற்றாதீர்கள்.

பாறையைக் கொதிக்க வைப்பதைப் பற்றி. தயவுசெய்து செய்யாதீர்கள், தொட்டிக்காகச் சொல்லவில்லை, உங்களுக்காகச் சொல்கிறேன். உங்கள் தொட்டியில் ஜோவாந்திட் இருக்கிறது. ஜோவாந்திட்களிலும் அவற்றின் உறவான பாலித்தோவாக்களிலும் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய பாறையைக் கொதிக்க வைத்தாலோ, வெந்நீர் ஊற்றித் தேய்த்தாலோ அது ஆவியோடும் நீர்த்துளியோடும் காற்றில் ஏறி, வீட்டில் உள்ளவர்களின் மூச்சுக்குள் போகலாம். இப்படிக் குடும்பம் முழுக்க மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஜோவாந்திட் உள்ள பாறையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். தொட்டியைப் புதிதாகத் தொடங்கவும் காரணமே இல்லை. ஒன்றரை வருடமாகப் பாறையில் உருவான பாக்டீரியாவைத்தான் அதில் இழப்பீர்கள், பழைய பவளங்களைத் திரும்ப வைத்தால் அவற்றோடு புழுவும் திரும்ப வரும்.

தாமிர மருந்தும் வேண்டாம். மீன் நோய்க்குத் தனித் தொட்டியில் பயன்படுத்துவது அது. இறாலையும் பவளத்தையும் கொல்லும், பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னால் தொல்லை தரும்.

மாண்டரின் கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். சில மாண்டரின்கள் இந்தப் புழுவைத் தின்னும், உண்மை. ஆனால் அந்த மீன் பகல் முழுக்கக் கோபிபாட் கொத்தித் தின்று வாழ்வது. 200 லிட்டர் தொட்டியில் அதற்குப் போதுமான கோபிபாட் நிரந்தரமாக இருப்பது கடினம், அதிலும் இந்தப் புழுவே கோபிபாட்களைப் பிடித்துத் தின்று குறைத்து வைத்திருக்கும் நேரத்தில். புழுவுக்காகக் கொண்டுவந்த மீன் மூன்று மாதத்தில் வயிறு ஒட்டிச் சாவதைப் பார்க்க நேரும். புழு வைத்தியம் என்பதற்காக மட்டும் ஓர் உயிரை வாங்காதீர்கள்.

நீல வெல்வெட் என்று சொல்லும் கடல் நத்தையும் இதில் அடக்கம். கெலிடோனுரா வேரியன்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர். தட்டைப்புழுவை நன்றாகத் தின்னும், ஆனால் வேறு எதையும் தின்னாது. புழு தீர்ந்ததும் பட்டினி, அதற்குள் பவர்ஹெட்டில் மாட்டிக்கொள்ளாமல் இருந்தால். உங்களுக்கு உண்மையிலேயே வைத்துக்கொள்ள ஆசை இருக்கும் ஒரு மீன் வேண்டும் என்றால், மஞ்சள் கோரிஸ் ராஸைப் பாருங்கள், ஹாலிகோரஸ் கிரைசஸ். எல்லா உணவும் எடுத்துக்கொள்ளும், இடையில் பாறையைத் துருவிக்கொண்டே இருக்கும். தூங்க மணல் படுக்கை வேண்டும், துள்ளும் மீன் என்பதால் தொட்டிக்கு மூடியோ வலையோ வேண்டும். வளர்ந்தபின் 200 லிட்டர் அதற்குக் கொஞ்சம் இறுக்கம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஆறு கோடு ராஸும் புழு தின்னும், ஆனால் பின்னால் புதிதாக விடும் சாதுவான மீன்களைத் துரத்தும். எதை வாங்கினாலும் மருந்து எல்லாம் முடிந்து ஓரிரு வாரம் ஆன பிறகுதான். பெருகிவிட்ட கூட்டத்தை எந்த மீனும் தின்று தீர்க்காது. தப்பிய ஒன்றிரண்டைக் கண்காணிக்கத்தான் மீன் உதவும்.

நீங்கள் பார்த்துவிட்டு இது அந்தப் புழு இல்லை என்று தெரிந்தால் இன்னும் ஓரிரு விஷயம். பழுப்பாகக் கைகளை விரித்து நிற்பது கண்ணாடி அனிமோன் என்னும் ஐப்டேசியா என்றால் சுரண்டாதீர்கள், பாதத்தின் ஒரு சின்னத் துணுக்கு மிஞ்சினாலும் புதிதாக முளைக்கும். கால்க்வாசரை (கால்சியம் ஹைட்ராக்சைடு பொடி) பசைபோலக் குழைத்து வாயின் மேல் வைப்பது, பெப்பர்மின்ட் இறால், பெர்கியா நத்தை, இந்த மூன்றில் ஒன்று. முடி முடியாக இருக்கும் பிரிஸ்டில் புழு என்றால் அது பெரும்பாலும் மிச்ச உணவைத் தின்று சுத்தம் செய்யும் உதவியாளர்தான். பெருகியிருந்தால் உணவு அதிகமாகப் போடுகிறீர்கள் என்று பொருள். வெறும் கையால் மட்டும் தொடாதீர்கள், முடிகள் தோலில் ஏறிவிடும். அக்ரோபோரா பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு வேறொரு பெரிய கதை. அதன் முட்டைகள் எந்த டிப்புக்கும் (பவளத்தை முக்கி எடுக்கும் மருந்துக் கரைசல்) சாகாது என்பதால் பவளத்தை வெளியே எடுத்துத் திரும்பத் திரும்ப டிப் செய்து, முட்டைகளைச் சுரண்டி எடுக்க வேண்டும். உங்களிடம் அக்ரோபோரா இல்லாததால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இனி வராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் வாசலில்தான் இருக்கிறது. புதுப் பவளம் வந்ததும் அது ஒட்டியிருக்கும் பிளக்கைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள், புழு ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். முடிந்தால் பவளத்தைப் பெயர்த்துப் புது பிளக்கில் ஒட்டிவிட்டுப் பழையதைத் தூக்கி எறியுங்கள். பவள டிப் கரைசலில் போட்டு, பைப்பெட்டால் எல்லாப் பக்கமும் பீச்சி, அடியில் என்ன விழுந்திருக்கிறது என்று வெள்ளைக் கிண்ணத்தில் வைத்துப் பாருங்கள். துருநிறப் புள்ளி ஒன்று விழுந்தாலும் அந்தப் பவளம் சில வாரம் தனித் தொட்டியில் இருக்க வேண்டும். வெறும் கண்ணாடித் தொட்டி, சின்ன விளக்கு, ஹீட்டர், ஒரு பவர்ஹெட் போதும். மணலும் பாறையும் இல்லாததால் எது ஊர்ந்தாலும் உடனே தெரிந்துவிடும். பாசிக்கும் இதே விதிதான். நண்பர் தொட்டியில் இருந்து வரும் கீட்டோவைப் பலர் அப்படியே சம்பில் போட்டுவிடுகிறார்கள், அந்தச் சுருளுக்குள் எத்தனை உயிர் இருக்கும் என்று யோசிப்பதில்லை.

நாளைக் காலையில் விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் கழித்து, கண்ணாடியில் இருக்கும் ஒரு புழுவின் வால் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். தொட்டியின் நீளம், அகலம், தண்ணீர் உயரம், சம்பில் நிற்கும் நீர், கடைசியாகப் பார்த்த நைட்ரேட், பாஸ்பேட் அளவு, இவற்றையும் எழுதுங்கள். மூன்று மடல் தெரிந்துவிட்டால் அன்றே முதல் 20 லிட்டரை உறிஞ்சத் தொடங்கிவிடலாம்.